"புரட்டாசியில் நாங்கள் வேகம் இருக்கிறோம்": ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு எத்தனை நாற்காலி?

சனிக்கிழமை ஆசிரியை, சாட்ஸ்வொர்த்

எல்லோருக்கும் வணக்கம். கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பதினொரு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருவர் வீட்டிலும் தமிழ் பேசுவதில்லை. ஆயாவும் தாத்தாவும்கூட ஆங்கிலத்தில்தான் கோபித்துக்கொள்கிறார்கள். போன வாரம், "புரட்டாசி மாதத்தில் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்?" என்று கேட்டு நான்கைந்து வரி எழுதச் சொன்னேன். பத்து வயதுப் பையன் ஒருவன் நோட்டை நீட்டினான். பென்சிலால் ஒவ்வோர் எழுத்தையும் செதுக்கியதுபோல எழுதியிருந்தான்:

"புரட்டாசியில் நாங்கள் வேகம் இருக்கிறோம். அம்மா வேகம். அப்பா வேகம். தாத்தா கொஞ்சம் வேகம்."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவன் முகம் வாடியதைப் பார்த்ததும்தான் என்ன நடந்தது என்று விளங்கியது. அவன் மனத்தில் ஓடியது "ஃபாஸ்ட்" என்ற ஆங்கிலச் சொல். அம்மாவின் கைபேசியில் அதைத் தட்டியிருக்கிறான். முதலில் வந்து விழுந்தது வேகம். எடுத்து எழுதிவிட்டான். (இந்தியாவிலிருந்து படிக்கிறவர்களுக்கு: இங்கே தென்னாப்பிரிக்காவில் நம்மவர்கள் "ஃபாஸ்டிங்" என்றால் பட்டினி கிடப்பதில்லை. மாதம் முழுக்கக் கவிச்சியைத் தொடாமல் இருப்பது.)

"வேகம் தப்பு, விரதம் சரி" என்று திருத்திக் கொடுப்பது எளிது. அடுத்த வாரம் வேறு சொல்லில் இதே தவறைச் செய்வான். ஒரே சொல் பெயராகவும் வினையாகவும் அடையாகவும் நிற்கும் என்பதை அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? அவனுடைய பள்ளிக்கூடப் புத்தகத்தில் பெயர்ச்சொல் ஒரு பட்டியல், வினைச்சொல் ஒரு பட்டியல். ஒவ்வொரு சொல்லும் பிறக்கும்போதே சாதிச் சான்றிதழோடு பிறந்ததுபோல எழுதியிருக்கிறார்கள்.

பீனிக்ஸ் தாத்தா

மகளே, அந்தப் பையனுக்கு என் சார்பில் ஒரு லட்டு கொடுங்கள். நல்ல சொல்லாகப் பார்த்துப் பிடித்திருக்கிறான். முப்பத்து நான்கு வருடம் ஆங்கிலம் கற்பித்துவிட்டு ஓய்வு பெற்றவன் சொல்கிறேன்.

விரைவும் விரதமும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை என்று தோன்றுகிறது அல்லவா? இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு "உறுதியான, அசையாத" என்று பொருள். "ஃபாஸ்ட் அஸ்லீப்" என்றால் வேகமாகத் தூங்குவது இல்லை, அசையாமல் தூங்குவது. துணிக்கடையில் "கலர் ஃபாஸ்ட்" என்று சொல்லிச் சேலை விற்கிறார்களே, சாயம் ஓடாது, பிடித்தபடி நிற்கும் என்று அர்த்தம். பொத்தானை மாட்டுவதற்கு "ஃபாஸன்" என்கிறோம். அதுவும் அதே குடும்பம். கட்டுப்பாட்டை உறுதியாகப் பிடித்துக்கொண்டு உண்ணாமல் இருப்பது விரதமாயிற்று. உறுதியாக, விடாப்பிடியாக ஓடுவது காலப்போக்கில் விரைவாக ஓடுவதாயிற்று. "அசையாத" என்ற சொல்லே "விரைந்து அசைகிற" என்று முடிந்ததில் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

இனி உங்கள் கேள்வி. ஆங்கிலச் சொற்களுக்கும் ஒரு காலத்தில் வால் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அன்பு "லுஃபு", அன்பு செய்வது "லுஃபியன்". வாலைப் பார்த்தே பெயரா வினையா என்று சொல்லிவிடலாம். வால் தேய்ந்து தேய்ந்து உதிர்ந்தபின் இரண்டும் "லவ்" ஆகிவிட்டன. வால் போனதும் சொல்லை அடையாளம் காட்ட இடம் ஒன்றுதான் மிஞ்சியது. நான் வகுப்பில் நாற்காலிக் கணக்குச் சொல்வேன். "தி" என்பதற்குப் பின்னால் உள்ள நாற்காலியில் உட்கார்ந்தால் பெயர். "வீ" என்பதற்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தால் வினை. "கார்" என்பதற்கு முன்னால் உட்கார்ந்தால் பெயரடை. "ரன்" என்பதற்குப் பின்னால் உட்கார்ந்தால் வினையடை. உட்காருகிற ஆள் ஒருவனேதான். உத்தியோகத்தை நாற்காலி கொடுக்கிறது.

மதுரைக்காரன், இப்போது அம்லாங்கா

ஐயா சொன்னதைப் படித்ததும் என் மானம் போன கதை நினைவுக்கு வருகிறது. டர்பனுக்கு வந்த முதல் மாதம். அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் ஒருவரிடம் அவர் குடும்பத்தைப் பற்றி விசாரித்தேன். "மை ஃபாதர் இஸ் லேட்" என்றார். "பரவாயில்லை, காத்திருக்கிறேன். வரட்டும், பார்த்துவிட்டே போகிறேன்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்பா இறந்து ஆறு வருடம் என்பது மாலையில்தான் தெரிந்தது.

நான் படித்த ஆங்கிலத்தில் "லேட்" என்ற பெயரடை, பெயருக்கு முன்னால் நின்றால்தான் காலஞ்சென்றவர். "இஸ்" என்பதற்குப் பின்னால் நின்றால் தாமதமாக வருகிறவர். இந்த ஊரில் இரண்டாவது நாற்காலியிலும் காலஞ்சென்றவர் உட்காரலாம் போலிருக்கிறது.

நார்த் கோஸ்ட் பேரன்

எங்கள் ஊர் ஆங்கிலம் அப்படித்தான் அண்ணா. சிக்னல் விளக்கை "ரோபோ" என்கிறோமே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "ரோபோவில் இடதுபக்கம் திரும்பு" என்றால் இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் மிரண்டு போகிறார்கள்.

பீனிக்ஸ் தாத்தா

தம்பி, அது வேறு பெட்டி. ரோபோ அங்கேயும் பெயர், இங்கேயும் பெயர். பொருள்தான் மாறியது. இழையை வேறு பக்கம் திருப்ப வேண்டாம்.

உனக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் "பிராய்" இருக்கிறது. ஆப்பிரிகான்ஸிலிருந்து வந்த சொல். கரியில் இறைச்சி சுடும் கூட்டமும் பிராய், சுடுவதும் பிராய், சுடுகிற அடுப்பும் பிராய். செப்டம்பர் 24 பாரம்பரிய நாளை நாடே பிராய் நாளாக்கிக் கொண்டாடுகிறது. அது நம் புரட்டாசிக்குள் வந்து விழுகிறது. பக்கத்து வீட்டுப் புகையை மோந்துகொண்டு கத்தரிக்காய் சுட்டுத் தின்கிறவர்கள் நாம்.

மல்லிகை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

நான் செவிலியர். வார்டில் பாதிப் பேச்சு ஜூலுவில்தான். ஜூலுவில் "உகுட்லா" என்றால் உண்பது. சோறும் "உகுட்லா"தான். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு "உஃபுனா உகுட்லா?" என்று கேட்டால், "சாப்பிட விருப்பமா?" என்றும் கொள்ளலாம், "சாப்பாடு வேண்டுமா?" என்றும் கொள்ளலாம். நோயாளி தலையாட்டுவார். எதற்குத் தலையாட்டினார் என்று இத்தனை வருடத்தில் நான் குழம்பியதே இல்லை. "உகுஃபா" என்றால் இறப்பதும் அதுதான், இறப்பும் அதுதான். ஆகவே இது ஆங்கிலத்துக்கு மட்டும் வந்த வியாதி இல்லை.

ஆசிரியை அக்கா, தமிழில் இப்படி உண்டா? என் தமிழ் ஆயாவிடம் கற்ற தமிழ். பிழை இருந்தால் திருத்துங்கள்.

மதுரைக்காரன், இப்போது அம்லாங்கா

தமிழில் இந்தக் குழப்பமே கிடையாது சகோதரி. பெயர் பெயர்தான், வினை வினைதான். தொல்காப்பியத்திலேயே பெயரியல், வினையியல், இடையியல், உரியியல் என்று நாலு வீடு கட்டித் தனித்தனியாகக் குடிவைத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை ஆசிரியை, சாட்ஸ்வொர்த்

தம்பி, வீடு நாலுதான். ஆனால் ஒரே ஆள் இரண்டு வீட்டுச் சாவியை வைத்திருப்பதைக் கவனிக்கவில்லையா? மலர் மலர்கிறது. விதையை விதைக்கிறோம். இடி இடிக்கிறது. சொல்லைச் சொல்கிறோம். உரையை உரைக்கிறோம். "கன்னத்தில் ஒரு தட்டு தட்டினாள்" என்பதில் முதல் "தட்டு" பெயர், அடுத்தது வினை. இதற்கு முதனிலைத் தொழிற்பெயர் என்று இலக்கணத்தில் பெயரே இருக்கிறது. வினையின் அடியே எந்த விகுதியும் ஏற்காமல் பெயராக நிற்பது.

ஆனால் நீங்கள் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. வெறும் "மலர்" என்று எழுதினால்தான் ஐயம். "மலரை" என்றால் பெயர், "மலர்ந்தது" என்றால் வினை. வாக்கியத்தில் எங்கே தூக்கிப் போட்டாலும் இது மாறாது. "மலர்ந்தது நேற்று அந்தப் பூ" என்றாலும் சரி, "அந்தப் பூ நேற்று மலர்ந்தது" என்றாலும் சரி. தாத்தா சொன்ன வால் நம்மிடம் உதிரவில்லை. அதனால் நாற்காலி நமக்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

நம்மிடம் இன்னொரு வித்தையும் இருக்கிறது. கெடு, கேடு. சுடு, சூடு. பெறு, பேறு. விடு, வீடு. முதல் எழுத்தை நீட்டினால் போதும், வினை பெயராகிவிடுகிறது. இது முதனிலை திரிந்த தொழிற்பெயர்.

பீனிக்ஸ் தாத்தா

இதைப் படித்ததும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். ஆங்கிலத்திலும் இதற்கு ஒரு தங்கை உண்டு. அங்கே நீட்டல் இல்லை, அழுத்தம். "ரெக்கார்ட்" என்ற சொல்லில் முதல் அசையை அழுத்தினால் பெயர், இரண்டாவதை அழுத்தினால் வினை. "பிரசன்ட்", "ஆப்ஜெக்ட்", "எக்ஸ்போர்ட்" எல்லாம் இப்படித்தான். எழுத்தில் ஒன்றே, காதில் இரண்டு. "ஹவுஸ்" பெயரானால் கடைசி ஓசை சீறும், வினையானால் வண்டுபோல ரீங்கரிக்கும். "அட்வைஸ்" அப்படியே. பெயரை "சி" போட்டு எழுதுவார்கள், வினையை "எஸ்" போட்டு எழுதுவார்கள். நம் நாட்டு ஓட்டுநர் "லைசென்ஸ்" பெயரானால் "சி", வினையானால் "எஸ்". இதிலோ காதுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, கண்ணுக்கு மட்டும்தான். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே கோபம் வரும்.

இந்த வரிசையில் என்னால் மறக்க முடியாத சொல் "பெர்மிட்". நான் இளைஞனாக இருந்தபோது, நிறவெறி ஆட்சியில், நேட்டால் மாகாணத்திலிருந்து டிரான்ஸ்வால் மாகாணத்துக்குப் போக இந்தியனுக்குப் பெர்மிட் வேண்டும். கல்யாணமோ சாவோ, தாள் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. என் தகப்பனார் அந்தச் சொல்லை எப்போதும் முதல் அசையை அழுத்தித்தான் சொல்வார்: தாள், முத்திரை, தேதி. இரண்டாம் அசையை அழுத்தி, "அனுமதிக்கிறார்கள்" என்று வினையாக அவர் சொல்லி நான் கேட்ட நினைவே இல்லை.

மல்லிகை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தாத்தா, இதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. வணங்குகிறேன்.

மதுரைக்காரன், இப்போது அம்லாங்கா

தோல்வியை ஒப்புக்கொள்கிறேன் அக்கா. ஆனால் ஒரு சந்தேகம். "ஆறு" நதி, "ஆறு" எண், "ஆறு" என்றால் சூடு தணி. இதையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதா?

சனிக்கிழமை ஆசிரியை, சாட்ஸ்வொர்த்

கூடாது. நதியும் எண்ணும் பேருக்குத்தான் ஒன்று. ஆங்கிலத்தில் "பேர்" என்றால் கரடி, "பேர்" என்றால் தாங்கு. கரடிக்கும் தாங்குவதற்கும் உறவில்லை. மலரும் செயலுக்கும் மலருக்கும் உறவு உண்டு. பிள்ளைகளிடம் இந்த வேறுபாட்டை முதலில் பிரித்துக் காட்டாவிட்டால், கண்ணில் படுகிற இரட்டையை எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளையாக்கிவிடுவார்கள். "ஃபாஸ்ட்" பார்வைக்குக் கரடி வகை, ஆனால் உண்மையில் மலர் வகை. தாத்தா வேரைக் காட்டாவிட்டால் நானும் தவறாகத்தான் சொல்லியிருப்பேன்.

நார்த் கோஸ்ட் பேரன்

நானும் ஒன்று கேட்கலாமா? எங்கள் வீட்டில் எல்லோரும் "ஆஃப் தி லைட்" என்றுதான் சொல்வார்கள். "ஆன் தி ஸ்டவ்" என்பார்கள். பள்ளியில் இதற்காகத் திட்டு வாங்காத பிள்ளை இல்லை. "ஆஃப்" வினையாகாது, "ஸ்விட்ச்" சேர்க்க வேண்டும் என்பார்கள். அப்படியானால் நாற்காலிக் கணக்கு என்ன ஆயிற்று? வினை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டோமே!

பீனிக்ஸ் தாத்தா

நான் ஐந்தாம் வகுப்பில் இதே சொல்லுக்காக உள்ளங்கையில் இரண்டு பிரம்படி வாங்கியவன். பிறகு ஆசிரியனாகி, முப்பத்து நான்கு வருடம் அதே சொல்லின் கீழ் சிவப்புக் கோடு போட்டவனும் நான்தான். இரண்டாவதை எண்ணித்தான் இப்போது வெட்கம்.

தேர்வுத் தாளில் எழுதாதே. அது வேறு சங்கதி. பொது ஆங்கிலம் அந்த நாற்காலியை இந்தச் சொல்லுக்கு இந்தப் பொருளில் இன்னும் ஒதுக்கவில்லை. ஆனால் ஆங்கிலத்தின் இயல்புக்கு மாறாக எதையும் நாம் செய்துவிடவில்லை. "டவுன்" என்ற சொல்லைப் பார். முன்னிடைச்சொல், வினையடை. தொழிலாளர் கருவிகளைக் கீழே வைத்து வேலைநிறுத்தம் செய்தால் "டவுன்" வினையாகிவிடுகிறது. செய்தித்தாளில் அச்சாகிறது, யாரும் பிரம்பு எடுப்பதில்லை. நம் வீட்டு "ஆஃப்" அதன் தம்பிதானே? கேப் டவுன் பல்கலைக்கழகத்து மொழியியலாளர் ராஜேந்த் மெஸ்த்ரி, தென்னாப்பிரிக்க இந்தியர்களின் ஆங்கிலத்துக்கு 2010-இல் ஓர் அகராதியே வெளியிட்டார். நம் பேச்சைப் பிழைப் பட்டியலாகப் பார்க்காமல், தனக்கென்று ஒழுங்குள்ள ஒரு வழக்காகப் பார்த்தவர். அவர் எழுத்தைச் சிறுவயதில் படித்திருந்தால் என் சிவப்பு மை மிச்சமாகியிருக்கும்.

மதுரைக்காரன், இப்போது அம்லாங்கா

எங்கள் ஊரிலும் இந்த "ஆஃப்" உண்டு. ஆனால் வேறு விதமாக. "லைட்டை ஆஃப் பண்ணு" என்போம். "லைட்டை ஆஃபு" என்று எவனும் சொல்ல மாட்டான். யோசித்துப் பார்த்தால், எந்த ஆங்கில வினை வந்தாலும் தமிழ் அதை அப்படியே வினையாகச் சேர்ப்பதில்லை. வாசலில் நிறுத்தி, "நீ பெயராக இரு, வினை வேலையை எங்கள் பண்ணு பார்த்துக்கொள்வான்" என்கிறது. பார்க் பண்ணு, குக் பண்ணு, மிஸ் பண்ணு. எழுதும்போது பண்ணுவைச் செய்யாக்குகிறோம், அவ்வளவே. இங்கே நம்மவர்கள் ஆங்கிலத்துக்குள்ளே இருப்பதால் "ஆஃப்" நேராக நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டது. மதுரையில் அதற்கு வால் ஒட்டாமல் விடமாட்டோம்.

சனிக்கிழமை ஆசிரியை, சாட்ஸ்வொர்த்

நான் தேடியது இதைத்தான். ஒரே சொல், மதுரையில் வாலோடு, டர்பனில் நாற்காலியில். இந்த ஒன்றை வைத்தே முழு வகுப்பையும் நடத்திவிடலாம்.

சீட்டுக்கட்டு, டோங்காட்

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமானால் "தன்னீ" சீட்டாட்டம் ஆட வையுங்கள். டர்பனில் நம் வீடுகளில் ஆடாதவர் உண்டா? பெயரே நம் தண்ணீரிலிருந்து வந்தது என்பார்கள். மேசையில் விழும் ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றும் இரட்டை வேடம்தான். "கட்" கட்டை வெட்டுவது, வெட்டும் கட்தான். "டீல்" சீட்டைப் பங்கிடுவது, பங்கீடும் டீல்தான். "கால்" கேட்பது, கேட்ட தொகையும் கால்தான். "ட்ரம்ப்" துருப்பு, துருப்பால் அடிப்பதும் ட்ரம்ப்தான். "டபுள்" மட்டும் என்னென்ன வேடம் போடும் என்று நான் எண்ணியதில்லை.

என் பெரியப்பா நல்ல தமிழ் பேசுவார். அவர் மட்டும் "வெட்டு" என்பார். கட்டை நீட்டி "வெட்டு" என்றால் கட்டளை. எதிராளி வெட்டியதும், "இது ஒரு வெட்டா?" என்பார். அது பெயர். ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2 என்று விரல்விட்டுக் கூட்டிக்கொண்டே, சண்டையும் போடுவார். ராணிக்கு ஏன் இரண்டே புள்ளி என்று பெரியம்மா கேட்டால் மட்டும் பதில் வராது.

மல்லிகை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

மண்டபத்தில் சீட்டாட்டமா? கோயில் கமிட்டி ஆசிரியையை வெட்டிவிடும். இது வினை.

மதுரைக்காரன், இப்போது அம்லாங்கா

ஒரு கொசுறு. ஊறுகாய், சுடுநீர், குடிநீர். வினையின் அடியே பெயருக்கு முன்னால் போய் நின்று அடையாக வேலை செய்கிறது. ஊறிய காயா, ஊறுகிற காயா, ஊறும் காயா என்று காலம் வெளியே தெரியாது. வினைத்தொகை. இங்கே மட்டும் தமிழும் வாலைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியில் உட்காருகிறது. "காய் ஊறு" என்று இடம் மாற்றினால் ஊறுகாய் கிடைக்காது, கட்டளைதான் கிடைக்கும்.

சனிக்கிழமை ஆசிரியை, சாட்ஸ்வொர்த்

வகுப்பு முடிந்து இப்போதுதான் வீடு வந்தேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சீட்டுக்கட்டை எடுத்துப் போகவில்லை, மல்லிகை. மண்டபத்தின் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டேன். பையன் கையில் "ஃபாஸ்ட்" என்று எழுதிய அட்டை. ஒவ்வொரு நாற்காலியாக உட்காரச் சொல்லி, உட்காரும்போதெல்லாம் அந்த இடத்தில் அவன் தமிழில் யார் என்று கேட்டேன். முதல் நாற்காலியில் "விரதம்". இரண்டாவதில் "விரதம் இரு". மூன்றாவதில் "வேகமான". நாலாவதில் கொஞ்சம் யோசித்து "வேகமாக". மற்றப் பிள்ளைகள் வாலுக்குக் காகிதம் கத்தரித்து, "ஆன" என்றும் "ஆக" என்றும் எழுதி அவன் சட்டையில் ஊசி குத்தினார்கள். அகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் பெ., வி., பெ.அ., வி.அ. என்று இருக்கும் குறிகளையும் காட்டினேன். முதல் அர்த்தத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்னால் அந்தக் குறியைப் பார்க்க வேண்டும் என்றேன். "அது நாற்காலி நம்பரா?" என்று கேட்டாள் ஒரு பெண். அப்படியே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு பழைய நோட்டைத் திருப்பிக் கொடுத்துத் திருத்தச் சொன்னேன். அம்மா விரதம், அப்பா விரதம் எல்லாம் சரியாக வந்தன. கடைசி வரி: "தாத்தா வேகமாக விரதம் இருக்கிறார்."

"இங்கே வேகம் எதற்கு, எடுத்துவிடு" என்றேன். இல்லை டீச்சர், அது சரிதான் என்றான். அவன் தாத்தா ஒவ்வொரு புரட்டாசியும் செப்டம்பர் இருபத்து நான்காம் தேதி பக்கத்து வீட்டுப் புகை வந்ததும் விரதத்தை முடித்துவிடுவாராம்.